பொம்மைக்கு உயிர் ஈந்த ஓப்ரையன்

மண்ணால் செய்த யானையைக் கண்டு எந்தக் குழந்தையும் அஞ்சுவதில்லை. ஆனால் அதே மண் யானை தானாகத் துதிக்கையை ஒருமுறை அசைத்துவிட்டால், குழந்தை மட்டுமா, வீட்டிலுள்ள பெரியவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிடுவர். அசைவே உயிருக்கு அடையாளம் என்று மனித மனம் ஆதிநாள் தொட்டு நம்பி வந்திருக்கிறது. நம் நாட்டுப் பாவைக்கூத்தும் பொம்மலாட்டமும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்த கலைகளே. ஆட்டுவிப்பவன் திரைக்குப் பின்னே நிற்கிறான் என்பது யாவருக்கும் தெரியும். தெரிந்தும், நல்லதங்காள் பாவை கிணற்றடிக்கு வரும்போது கண்கள் குளமாகின்றன.

இதே விந்தையை வெள்ளித்திரையில் காட்டிய படங்கள் சில உண்டு. சிந்துபாதை ஒற்றைக்கண் அரக்கன் துரத்தும் படம், வீரர்களோடு எலும்புக்கூடுகள் வாட்போர் புரியும் படம், வானளாவிய மாளிகையின் உச்சியில் ஒரு மாபெரும் மனிதக் குரங்கு விமானங்களோடு பொரும் படம் ஆகியவற்றை நம்முள் பலர் சிறுவயதில் கண்டிருப்போம். இன்று கம்ப்யூட்டரின் துணையால் ஆயிரம் அரக்கர்களை ஒரு நொடியில் திரையில் நிறுத்தலாம். அப்படியிருந்தும் அப்பழம் படங்களைத் தாத்தாவும் பேரனும் ஒருங்கே அமர்ந்து பார்க்கின்றனர், பார்த்தபின் பேசுகின்றனர். இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது? இதற்கு விடை காண விழைவோர், அக்கலைக்கு வித்திட்ட ஒருவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம். வில்லிஸ் ஓப்ரையன் என்பது அவர் பெயர். நண்பர்களுக்கு அவர் ஓபி.

அலைந்து திரிந்த இளமை

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரில் 1886-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் ஓப்ரையன் பிறந்தார். பதினொன்றாம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தார், காட்டில் கண்ணி வைத்து விலங்கு பிடித்தார், மதுக்கடையில் பரிமாறினார், ரயில்வேயில் உழைத்தார், குத்துச்சண்டைக் கோதாவிலும் சில காலம் இறங்கிப் பார்த்தார். எந்தத் தொழிலிலும் அவர் நிலைத்து நிற்கவில்லை. ஊரார் கண்ணுக்கு அவர் உருப்படாத பிள்ளையாகவே தோன்றியிருப்பார்.

ஆயினும் அந்த அலைச்சலில் இரண்டு செல்வங்கள் அவருக்குக் கிட்டின. ஆரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரிப் பகுதியில், புதைபடிவ எலும்புகளைத் தேடிவந்த அறிஞர்களுக்கு அவர் வழிகாட்டியாகச் சென்றார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் இம்மண்ணில் உலவிய பெருவிலங்குகளின்மீது அவருக்குத் தீராத காதல் உண்டானது அப்பொழுதுதான். மற்றொரு செல்வம் அவருடைய கையிலேயே இருந்தது. அவருக்கு நன்றாக வரைய வரும். களிமண்ணிலும் கல்லிலும் உருவம் சமைக்க வரும். கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைபவராகவும், சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் கேலிச்சித்திரக்காரராகவும் பணிபுரிந்து, பின்னர் சலவைக்கல் செதுக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அவருடைய கைவேலைகள் சில இடம்பெற்றன.

அக்காலத்தில் ஒருநாள் ஓய்வு நேரத்தில், களிமண்ணால் இரு குத்துச்சண்டை வீரர்களைச் செய்து, விளையாட்டாக அவற்றின் கைகளை மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்தாராம். ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுத்துச் சேர்த்து ஓட்டினால் பொம்மைகள் தாமே சண்டையிடுவதுபோல் தோன்றுமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

கலையின் நுட்பம்

சலனப்படம் என்பது உண்மையில் சலனமற்ற படங்களின் தொகுதியே. பேசும்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் நம் கண்முன் விரைந்து செல்கின்றன; கண்ணும் மனமும் சேர்ந்து அவற்றை ஓர் அசைவாகக் கோத்துக்கொள்கின்றன. ஆகவே, பொம்மையை நிறுத்தி ஒரு படம். அதன் கையை மயிரிழை நகர்த்தி அடுத்த படம். மீண்டும் நகர்த்தி மற்றொரு படம். இவ்வாறு 24 முறை செய்தால் ஒரு வினாடிக் காட்சி உருவாகும். ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும். இம்முறையையே ஆங்கிலத்தில் ஸ்டாப் மோஷன் என்கின்றனர். இடையில் ஒரு பொம்மை சாய்ந்தாலும் விளக்கொன்று அணைந்தாலும் அன்றைய உழைப்பு முழுவதும் பாழ்.

ஓப்ரையனுக்கு முன்பே வேறு சிலர் இவ்வித்தையைக் கையாண்டதுண்டு. நம் நாட்டிலும் தாதாசாகிப் பால்கே 1912-இல் தொட்டியில் இட்ட பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, அது கண்ணெதிரே கிடுகிடுவென வளர்வதுபோல் காட்டி, தம் முதற்படத்துக்குப் பொருளுதவி செய்யக்கூடியவர்களை வியப்பில் ஆழ்த்தினார். செடி தானாக வளர்ந்தது, பால்கே காத்திருந்தார். ஓப்ரையனின் பொம்மையோ தானாக ஒன்றும் செய்யாது. அது எப்பொழுது தலை திருப்பவேண்டும், எப்பொழுது தயங்கவேண்டும், எதைக் கண்டு வெகுளவேண்டும் என்பவை அனைத்தையும் ஆட்டுவிப்பவரே நினைந்து நினைந்து கொடுக்கவேண்டும். மற்றவர்கள் பொம்மையை அசைத்தார்கள். ஓப்ரையன் அதற்கு ஒரு குணத்தைக் கொடுத்தார். அவருடைய தனிச்சிறப்பு இதுவே.

ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வைத்து, களிமண் குகை மனிதனையும் டைனோசாரையும்கொண்டு அவர் எடுத்த ஒரு நிமிடச் சோதனைப் படத்தைக் கண்ட பட வியாபாரி ஒருவர் 5,000 டாலர் கொடுத்து ஊக்கினார். அப்பணத்தில் உருவான சிறு நகைச்சுவைப் படத்தை எடிசன் நிறுவனம் விலைக்கு வாங்கி 1917-இல் வெளியிட்டது. ஓப்ரையனையும் பணிக்கு அமர்த்திக்கொண்டது. எடிசன் நிறுவனம் படத்தொழிலைக் கைவிட்டபின், 1919-இல் வெளிவந்த சிலம்பர் மலையின் ஆவி என்னும் படத்தில் அவர் உழைத்தார். படம் நல்ல வருவாய் ஈட்டியது. ஆனால் அதன் பெருமையைத் தயாரிப்பாளரே தமதென்று உரிமை கொண்டாடினார். தம் உழைப்பின் பெயர் பிறர்க்குப் போவதை ஓப்ரையன் முதன்முறையாகக் கண்டார். அது கடைசி முறையாக இருக்கவில்லை.

மாயாவிகள் மயங்கிய இரவு

ஷெர்லக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1912-இல் எழுதிய மறைந்த உலகம் என்னும் புதினம், டைனோசார்கள் இன்னும் உயிரோடு வாழும் ஒரு பீடபூமியைப் பற்றியது. அதைப் படமாக்கும் பணி ஓப்ரையனிடம் வந்தது. 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் அமெரிக்க மாயவித்தைக்காரர் சங்கத்தின் விருந்தொன்று நடந்தது. புகழ்பெற்ற ஹூடினியும் அங்கே இருந்தார். டாயில் ஒன்றும் விளக்காமல் சில நிமிடப் படமொன்றை அங்கே ஓட்டிக் காட்டினார். பெருவிலங்குகள் மேய்ந்தன, மோதின, வாலைச் சுழற்றின. ஊரையே ஏமாற்றிப் பிழைக்கும் மாயாவிகள் தாம் காண்பது யாதென அறியாமல் திகைத்தனர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் அது பெருஞ்செய்தியாயிற்று. பின்னரே டாயில் உண்மையை வெளியிட்டார்.

இப்படத்துக்காகப் பொம்மை செய்ய ஓர் உதவியாளரை ஓப்ரையன் தேடினார். லாஸ் ஏஞ்சல்ஸ் கலைப்பள்ளி ஒன்றின் மாலை வகுப்பில், பகலெல்லாம் மளிகைக் கடையில் வேலை செய்துவிட்டு வந்து சிற்பம் பயின்ற மார்செல் டெல்காடோ என்ற மெக்சிக்க இளைஞர் அவர் கண்ணில் பட்டார். அவ்விளைஞர் முதலில் தயங்கினார். ஓப்ரையன் அவரைப் படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அவருக்கென்றே ஒழித்து வைத்திருந்த வேலைக்கூடத்தைக் காட்டினார், தயக்கம் தீர்ந்தது. டெல்காடோ உலோகத்தால் எலும்புக்கூடு சமைத்தார். மூட்டுகள் எப்பக்கமும் திரும்பி, திரும்பிய நிலையிலேயே நிற்கும். அதன்மேல் பஞ்சு வைத்துத் தசையாக்கி, ரப்பரால் தோல் போர்த்தினார். உள்ளே காற்றுப் பை ஒன்றை வைத்து, விலங்கு மூச்சுவிடுவதுபோல் விலா ஏறி இறங்கவும் செய்தார். இவ்வாறு சுமார் 50 விலங்குகள் உருவாயின. 1925-இல் படம் வெளிவந்தபோது, லண்டன் மாநகர வீதிகளில் டைனோசார் ஒன்று ஓடிய காட்சியைக் கண்டு மக்கள் மெய்ம்மறந்தனர்.

மலைக்குரங்கின் மாண்பு

அதற்குப் பிறகு ஓப்ரையன் ஆக்கம் என்னும் பெயரில் மற்றொரு பெரும்படத்துக்கான வேலையை ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் தொடங்கினார். செலவு ஏறிக்கொண்டே போயிற்று; கதையோ நகரவில்லை. நிறுவனத்தின் கணக்கைச் சீர்செய்ய வந்த மேரியன் கூப்பர் அப்படத்தை நிறுத்திவிட்டார். ஓராண்டு உழைப்பு பெட்டிக்குள் போயிற்று.

ஆனால் நிறுத்திய அதே கூப்பர்தான் அதன் அருமையையும் கண்டுகொண்டார். மாபெரும் கொரில்லா ஒன்றைப் பற்றிய கதை அவர் மனத்தில் பல நாளாக இருந்தது. உண்மையான கொரில்லாவையும் கொமோடோத் தீவின் பெரும் பல்லிகளையும் பிடித்துப் படமெடுக்கலாம் என்றுகூட அவர் எண்ணியிருந்தார். ஓப்ரையனின் பொம்மைகளைக் கண்டதும் அந்த எண்ணத்தை விட்டார். கிங் காங் படம் பிறந்த வரலாறு இது.

திரையில் மலைபோல் தோன்றும் காங்கின் உண்மை உயரம் 18 அங்குலம்! உலோக எலும்பின்மேல் ரப்பரும், ரப்பரின்மேல் முயல் தோலும் போர்த்த உருவம் அது. கதாநாயகியைப் பற்றும் கை, முகம், கால் ஆகியவை மட்டும் பெரிய அளவில் தனியே செய்யப்பட்டன. காடு முழுவதும் மேசைமேல் அமைந்தது. கண்ணாடித் தகடுகளில் மரங்களையும் மலைகளையும் தீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இடையிடையே சிறு செடிகளை வைத்ததனால், எட்ட எட்ட விரியும் கானகம் உண்டாயிற்று. நடிகர்களை முன்னரே படமெடுத்து, அப்படத்தை அந்தச் சிறு காட்டுக்குள் மறைத்த ஒரு சிறு திரையில் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வீழ்த்தி, பொம்மையோடு சேர்த்துப் படம் பிடித்தனர். அதனால் மனிதனும் விலங்கும் ஒரே இடத்தில் நிற்பதாக நம் கண் நம்புகிறது.

பொம்மையைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியதால் விரல்பட்ட இடமெல்லாம் அதன் மயிர் கலைந்தது. திரையில் அது சிலிர்த்துக்கொண்டே இருந்தது. பிழையென்று கலைஞர்கள் அஞ்சினர். படத்தைப் பார்த்த நிறுவனத்தாரோ, கோபத்தால் காங்குக்கு மயிர் சிலிர்க்கிறது என்று மகிழ்ந்தனராம். ஓப்ரையனின் விரல்கள் அந்தச் சிலிர்ப்பில் இன்றும் வாழ்கின்றன என்று நாம் சொல்லலாம்.

குத்துச்சண்டைக் கோதாவில் கற்றதும் வீண்போகவில்லை. டைனோசாரோடு காங் பொரும் முறையில் ஒரு மல்லனின் பிடிகளையும் அடிகளையும் காண்கிறோம். எதிரி மாண்டபின், அதன் தாடையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது காங். உயிர் போயிற்றா என்று சோதிக்கும் குழந்தைபோல் அது நிற்கிறது. இறுதியில் எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியில், குண்டு பாய்ந்த மார்பைத் தடவி, இது யாது என்பதுபோல் திகைக்கிறது. தான் விரும்பிய பெண்ணை ஒருமுறை கையிலெடுத்து, ஊறு நேராவண்ணம் மெல்ல இறக்கி வைத்துவிட்டு வீழ்கிறது. தொடக்கத்தில் அதைக் கண்டு அலறிய மக்கள் முடிவில் அதற்காக இரங்கினர். ஒரு முழ உயரப் பொம்மைக்காக உலகம் கண் கலங்கியது.

1933-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் நியூயார்க்கில் இரண்டு பேரரங்குகளில் ஒரே சமயத்தில் படம் வெளியாயிற்று. ஓப்ரையனின் நாற்பத்தேழாவது பிறந்தநாளும் அதுவே. அமெரிக்கா முழுவதும் பஞ்சமும் வேலையின்மையும் நிலவிய காலம். வங்கிகள் பல கதவடைத்த வாரம். அத்தகைய வேளையிலும் மக்கள் திரண்டனர், நொடிந்துகிடந்த ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்குப் புது வலிமை பிறந்தது. படத்தின் தொடக்கத்தில் ஓப்ரையனின் பெயர் தலைமைத் தொழில்நுட்பர் என்ற அளவில் ஒரு வரியாக வந்து மறைந்தது. தந்திரக் காட்சிகளுக்கென்று ஆஸ்கார் பரிசு அக்காலத்தில் ஏற்படவில்லையாதலால், பரிசொன்றும் அவருக்குக் கிட்டவில்லை.

இடி விழுந்த ஆண்டு

புகழின் உச்சியில் நின்ற அதே ஆண்டில்தான் அவர் வாழ்வில் இடி விழுந்தது. அவருடைய முதல் இல்லறம் இனிமையாக அமையவில்லை. சில ஆண்டுகளாகவே கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தனர். மனைவி காசநோயாலும் புற்றுநோயாலும் வாடி, மனமும் கலங்கியிருந்தார். இரண்டு பிள்ளைகள், அவர்களுள் ஒருவன் கண்பார்வை இழந்தவன். தந்தை அவர்களை அடிக்கடி சென்று பார்த்து வந்தார். காங்கின் மகன் என்னும் அடுத்த படம் உருவாகிவந்த நாட்களில், பிள்ளைகளைப் படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றார் என்றும், கண்ணற்ற மகன் அந்தப் பொம்மைகளைக் கையால் தடவித் தடவி அறிந்து மகிழ்ந்தான் என்றும் கூறுவர். உலகமெல்லாம் கண்ணால் கண்ட உருவத்தை அவன் ஒருவனே, அவன் தந்தை அறிந்ததுபோல், விரலால் அறிந்தான்.

1933-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நோயுற்ற அத்தாயின் கையாலேயே பிள்ளைகள் இருவரும் உயிரிழந்தனர். தம்மையும் மாய்த்துக்கொள்ள முயன்ற அவர் மறு ஆண்டு நோயால் இறந்தார். இதைப் பற்றி மேலும் எழுத நம் பேனா கூசுகிறது. உயிரற்ற பொம்மைகளுக்கு உயிரூட்டிய கைக்குத் தன் உதிரத்தில் பிறந்த உயிர்களைக் காக்க வழியில்லாமற் போயிற்று. ஓப்ரையன் இத்துயரை ஊரறியப் பேசியவரல்லர், வேலைக்குத் திரும்பினார். காங்கின் மகன் அவசர அவசரமாக முடிக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பரிலேயே வெளிவந்தது; அப்படத்தில் அவருக்கு மனநிறைவு ஏற்படவேயில்லை. 1934-இல் டார்லின் என்ற பெண்மணியை அவர் மணந்தார். அந்த அம்மையார் இறுதிவரை அவருக்குத் துணை நின்றார்.

பெட்டிக்குள் உறங்கிய கனவுகள்

இதன்பின் அவர் வரலாறு பெரும்பாலும் எடுக்கப்படாத படங்களின் வரலாறே. மாபெரும் கழுகுகளின்மேல் வீரர்கள் ஏறிப் பறக்கும் போர்க் கழுகுகள் என்னும் படத்துக்கு 1938, 1939-ஆம் ஆண்டுகளில் உழைத்தார்; அது கைவிடப்பட்டது. மாடு மேய்க்கும் குதிரை வீரர்கள் மறைந்த பள்ளத்தாக்கொன்றில் டைனோசாரைக் கண்டு கயிறு வீசிப் பிடிக்கும் குவாங்கி என்னும் படத்துக்கு 1942-இல் திட்டமிட்டார், அதுவும் கைவிடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் சித்திரம் வரைந்தார், பொம்மை செய்வித்தார், நிறுவனத்தார் கணக்குப் பார்த்து வேண்டாமென்றதும், எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு அடுத்த கனவைத் தொடங்கினார்.

இக்காலத்தில்தான் ஓர் இளைஞர் அவரை நாடி வந்தார். 1933-இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாகக் கிங் காங் படத்தைக் கண்டு, அன்றிரவு தொட்டு வேறு நினைவின்றி வளர்ந்தவர் அவர். பெயர் ரே ஹாரிஹவுசன். தாம் செய்த பொம்மைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, போர்க் கழுகுகள் படத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த ஓப்ரையனிடம் காட்டினார். பெரியவர் வெறும் புகழ்ச்சி கூறி அனுப்பவில்லை. டைனோசாரின் கால்களில் தசையும் எலும்பும் தெரியவில்லை என்று குறை சொல்லி, உடற்கூற்று நூலைக் கற்கும்படி பணித்தார். இளைஞர் மனம் நோகாது சென்று கற்றார்.

போருக்குப்பின் கூப்பரும் ஓப்ரையனும் மீண்டும் இணைந்து, மைட்டி ஜோ யங் என்னும் கொரில்லாப் படத்தைத் தொடங்கினர். ஓப்ரையன் தம் உதவிக்கு அந்த ஹாரிஹவுசனையே அழைத்தார். காட்சிகளை அமைக்கும் பொறுப்பும் சிக்கல்களைத் தீர்க்கும் பொறுப்பும் பெரியவரின் பொழுதையெல்லாம் விழுங்கின. பொம்மையை அசைக்கும் வேலையில் பெரும்பகுதியை மாணவரிடமே அவர் ஒப்படைத்தார். தம் உயிரினும் இனிய வேலையை இளையவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எல்லோர்க்கும் இயல்வதன்று. 1949-இல் வெளிவந்த அப்படத்துக்குத் தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசு 1950-இல் கிடைத்தது. அறுபத்து நான்காம் வயதில் ஓப்ரையனுக்கு வந்த ஒரே பெரும் பரிசு அது. எனினும் செலவுக்கேற்ற வருவாய் இல்லாமையால் அவருடைய குழு மீண்டும் கலைக்கப்பட்டது.

1952-இல் கிங் காங் படம் மறுபடியும் திரையிடப்பட்டுப் பெருவெற்றி கண்டது. பேருருவ விலங்குப் படங்களுக்குப் புதிய காலம் பிறந்தது; மறு ஆண்டே ஹாரிஹவுசனின் கைவண்ணத்தில் ஒன்று வந்தது; 1954-இல் ஜப்பானில் காட்ஸில்லா தோன்றியது. இவ்வளவுக்கும் மூலவரான ஓப்ரையனோ சிறு முதலில் எடுக்கப்பட்ட கருந்தேள் போன்ற படங்களில் உழைத்துக்கொண்டிருந்தார். 1960-இல் மறைந்த உலகம் மீண்டும் எடுக்கப்பட்டபோது அவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டனர், பொம்மைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உயிருள்ள பல்லிகளுக்குக் கொம்பும் செதிலும் ஒட்டி டைனோசார் என்று காட்டினர். காங் மற்றோர் அரக்கனோடு பொருவதாக அவர் எண்ணிய கதை, தயாரிப்பாளர் ஒருவர் வழியாக ஜப்பானுக்குப் போய், 1962-இல் காட்ஸில்லாவோடு காங் பொரும் படமாக வெளிவந்தது. ஓப்ரையனுக்கு அதில் பங்கில்லை. காங்காக அங்கே நடித்தவர் குரங்கு வேடம் பூண்ட ஒரு மனிதர்.

அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள், மற்றொரு படத்துக்கான தந்திரக் காட்சியில் ஈடுபட்டிருந்த வேளையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரடைப்பால் ஓப்ரையன் காலமானார். அவருக்கு வயது எழுபத்தாறு.

நிலைத்த கவர்ச்சி

அவர் மறைந்த மறு ஆண்டு, 1963-இல், ஹாரிஹவுசனின் ஜேசன் படம் வெளிவந்தது. ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களோடு வாட்போர் புரியும் சில நிமிடக் காட்சிக்கு அவர் நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்தார். சிந்துபாத் படங்களும் அவருடையவையே. 1969-இல், ஆசான் எடுக்க முடியாமல் விட்டுச்சென்ற குவாங்கியை அவரே எடுத்து முடித்தார். மாணவர் குருவுக்குச் செலுத்திய காணிக்கை என்று இதை நாம் கொள்வோம். ஹாரிஹவுசன் 2013 வரை வாழ்ந்தார். குருவின் பெயரைச் சொல்லாமல் தம் கலையைப் பற்றி அவர் பேசியதில்லை எனலாம்.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இப்படங்கள் இன்றும் நம்மை ஈர்ப்பானேன்? பொம்மை என்பது உண்மையான பொருள். அதன்மேல் உண்மையான ஒளி விழுகிறது. அதற்கு எடையுண்டு, நிழலுண்டு. இது ஒரு காரணம். மற்றொன்று, நாம் குறையென்று கருதும் ஒன்றே. ஓடும் மனிதனைப் படமெடுத்தால் அவன் கைகால் சற்றுக் கலங்கலாகப் பதியும். பொம்மையோ ஒவ்வொரு படத்திலும் அசையாது நிற்பதால் கூர்மையாகப் பதிகிறது. ஆகையால் அதன் நடையில் ஒரு மெல்லிய துடிப்புத் தெரிகிறது. அந்தத் துடிப்பே அதைக் கனவில் கண்ட உருவம்போல் ஆக்கிவிடுகிறது. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. காங்கின் ஒவ்வோர் அசைவையும் ஒரு மனிதர் பொறுமையோடு எண்ணி, தம் விரலால் தொட்டுக் கொடுத்திருக்கிறார். ஆகவே அதன் சினத்திலும் திகைப்பிலும் ஒரு தனி மனிதரின் நெஞ்சம் கலந்திருக்கிறது. பார்ப்பவர் அதைப் பெயர் சொல்லி அறியாவிடினும் உணர்ந்துகொள்கின்றனர்.

1993-இல் ஜுராசிக் பார்க் படத்துக்குக் கம்ப்யூட்டரால் டைனோசார்களைப் படைக்க முற்பட்டபோது, பொம்மைக் கலைஞர்களுக்கு இனி வேலையில்லை என்றே பலரும் நினைத்தனர். ஆனால் விலங்கு எப்படித் தயங்கும், எப்படிப் பாயும் என்பது கருவிக்குத் தெரியவில்லை. பொம்மையின் மூட்டுகளில் உணர்கருவிகளைப் பொருத்தி, பழைய கலைஞர்களின் கைகளே அதையும் கருவிக்குக் கற்பித்தன. 2005-இல் கிங் காங்கைப் புதிதாகப் படைத்த பீட்டர் ஜாக்சனும், ஒன்பது வயதில் பழைய படத்தைக் கண்டு, வீட்டிலேயே பொம்மை செய்து படமெடுக்க முயன்ற சிறுவரே. 1991-இல் அமெரிக்கா பழைய கிங் காங்கைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. 1997-இல் அசைவூட்டக் கலைஞர் சங்கம், இறந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து, ஓப்ரையனுக்கு வின்சர் மெக்கே விருதளித்துப் பெருமை செய்தது.

எண்ணியவற்றுள் எடுக்க முடிந்தவை சில. எடுத்தவற்றுள்ளும் பெயர் கிடைத்தவை மிகச் சில. பெற்ற பிள்ளைகளையும் இழந்தார். இத்தகைய வாழ்வைத் தோல்வியென்று எழுதிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பயன் கிட்டுமா என்று பாராமல், இன்றைய பொழுதுக்கு இத்தனை படங்கள் என்று உழைத்தவர் அவர். அவ்வுழைப்பின் பலனை முகமறியாத ஒரு சிறுவன் இருட்டரங்கில் அமர்ந்து பெற்றுக்கொண்டான். அவனிடமிருந்து மற்றொருவன் பெற்றான். இன்று நம் குழந்தைகளும் பெறுகின்றனர். நம் இல்லங்களில் களிமண்ணை உருட்டிப் பொம்மை செய்து, கைபேசியில் ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டிப் பார்க்கும் சிறுவர் சிறுமியர் இல்லாமல் இல்லை. பாடத்தைக் கெடுக்கும் விளையாட்டென்று அவர்களை நாம் கடிந்துகொள்ளவேண்டாம். அடுத்த விடுமுறை நாளில் அவர்களை அருகே அமர்த்திக்கொண்டு பழைய கிங் காங் படத்தைப் பார்ப்போம். காங் தன் மார்பைத் தடவித் திகைக்கும் இடம் வரும்போது, அந்த அசைவைக் கொடுத்தவர் இன்னார் என்று ஓப்ரையனின் பெயரை அவர்களுக்குச் சொல்லிவைப்போம்.